மெர்லீனின் ஐஸ் ஆலைக்குப் பணம் போட்டவர்கள்

மெர்லீனை நேற்று அடக்கம் செய்தோம். ஆராதனையில் ஆர்கன் வாசித்தது நான்.

கடற்கரையில் மீன் விற்றவள் அவள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வாரக்கணக்கில் கரண்ட் இருக்காது. படகில் வரும் மீன் அழுகும். சூரிய மின்சாரத்தில் ஓடும் ஐஸ் மெஷினைப் பழைய கண்டெய்னருக்குள் அவளே பொருத்தினாள். அதைப் பெரிதாக்க, காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் தொழில் நடத்தும் பெண்களுக்கென்றே இருந்த ஒரு நிதிக்கு மனுப் போட்டாள். எங்கள் தீவின் தலைநகர் கிங்ஸ்டனில் அதன் மேலாளர் லாசெல்ஸ், நிலமும் இல்லை, புருஷனும் இல்லை, ஜாமீன் கையெழுத்துக்கு ஓர் ஆண்பிள்ளையைக் கூட்டி வா என்று அனுப்பிவிட்டார்.

"பொம்பளைங்களுக்குன்னு பணம் வச்சிருக்கான், வாங்கப் போனா மீசையக் கேக்குறான்" என்று சிரித்தபடி திரும்பினாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

எங்கள் பெண்கள் வாராவாரம் போடும் பார்ட்னர் சீட்டில் பணம் எடுக்கும் முதல் முறை டோரெட்டுடையது. கூரை போட வைத்திருந்தாள். விட்டுக்கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தோம். ஆலை எழுந்தது. டோரெட் இரண்டு மழைக்காலம் தார்ப்பாயின் கீழ் படுத்தாள்.

போன வருடம் லாசெல்ஸ் வந்து ஆலையைப் படம் எடுத்துப் போனார். அவருடைய நிதியின் அறிக்கையில் அதுதான் அட்டைப்படம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைப் பார்த்த மெர்லீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பேர்ல், நான் செத்தா அந்தாளு பேச வருவான். பேச விடாத."

வந்தார். நிதிக்குப் பணம் தரும் வெளிநாட்டு அம்மையார் ஒருவரையும் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். இரங்கலுரைக்கு எழுந்து, "நாங்கள் முதலீடு செய்த இந்தச் சகோதரி" என்று ஆரம்பித்தார்.

நான் ஆர்கன் கட்டைகளில் கை வைத்தேன். எங்கள் சபையில் ஆர்கன் ஒலித்தால் எழுந்து பாடுவார்கள். காரணம் கேட்க மாட்டார்கள். நீளமான பாட்டாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அவர் வாயைத் திறந்தார். நான் அடுத்ததற்குப் போனேன். கடைசியில் காகிதத்தை மடித்தார். அதன் பிறகும் மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

வாசலில் அம்மையார் டோரெட்டிடம், ஆலைக்கு யார் பணம் போட்டது என்று கேட்டார்.

"நாங்கதாம்மா. இவரு ஆம்பளையத் தேடிக்கிட்டிருந்தாரு, நாங்க சீட்டுப் போட்டோம்."

அம்மையார் அவர் பக்கம் திரும்பினார். லாசெல்ஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல்லறையில் மண்வெட்டி கைமாறி வந்தபோது அவரும் கை நீட்டினார். டோரெட் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் கொடுத்தாள். மெர்லீன்மேல் அவர் கை மண்கூட விழவில்லை.

அவர் இன்றும் அதே மேலாளர் நாற்காலியில்தான் இருக்கிறார். எனக்கு இது போதவில்லை.