சொறி இல்லாத எலுமிச்சை

எழுபதுகளில் புனேயில் எலுமிச்சைச் சொறிநோயை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அது பாக்டீரியாவால் வருவது. கன்றுகளில் நானே ஊசியால் நோயை ஏற்றி, இலைகளில் புள்ளி விழும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தேன். புள்ளிகளை அளக்க வேண்டிய நேரத்தில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. உடனே எங்கள் துறைத் தலைவர் ஆள்விட்டு, புள்ளி விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளி எரித்துவிட்டார்.

“என் ஆராய்ச்சியே அந்தப் புள்ளிதானே சார்!” என்று கத்தினேன்.

“அரே பாபா, பெரிய மனுஷன் வரும்போது செடி அசிங்கமாக இருக்கலாமா?”

வந்தவர் மொட்டைக் கன்றுகளைப் பார்த்தார். “நோய்தான் ஒழிந்துவிட்டதே, இனி ஆராய்ச்சி எதற்கு?” என்றார். தலைவர் பல்லைக் காட்டித் தலையாட்டினார்.

அடுத்த வாரமே என் ஆராய்ச்சியை மூடிவிட்டார்கள். சந்தையில் மட்டும் எலுமிச்சை சொறியோடுதான் வந்துகொண்டிருந்தது.