அது வெள்ளையண்ணன் குரல் இல்லை

வெள்ளையண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, சேலம் ஆஸ்பத்திரியில்... நெஞ்சுவலி.

ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் பல வருஷம் அவர் வண்டிக்குப் பக்கத்து வண்டி என்னுடையது. கரடியூர் பக்கம் அவர் தோட்டத்திலேயே அடக்கம் முடிந்து, இப்போதுதான் பஸ் ஏறினேன். துக்கம் பாதி, கோபம் பாதி.

காலையிலிருந்து எல்லா குரூப்பிலும் ஒரே க்ளிப். அண்ணன் கோட்டு போட்டுத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, "ஏனுங்ங்ங்க... கையத் தூக்க்குங்ங்க..." என்று இழுக்கிறாரே, அதுதான். கீழே அழுகிற எமோஜி, பக்கத்திலேயே சிரிக்கிற எமோஜி. எதற்கு ரெண்டும்?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கிற ஆள் அண்ணன். அந்தக் குரல் அவருடையது இல்லை.

அந்த க்ளிப் வந்தது ஒரு சினிமாவில். கூலிப்படை ஆட்களைப் பற்றிய ஆக்‌ஷன் காமெடி. எஸ்டேட் முதலாளியைக் கொல்ல மூன்று பேர் மலை ஏறி வந்து, பனிமூட்டத்தில் வழி தெரியாமல் தாங்களே மாட்டிக்கொள்கிற கதை. படத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் தேடிப் போய்ப் பார்ப்பீர்கள்.

ஷூட்டிங்குக்கு ஜீப் ஓட்டத்தான் அண்ணனையும் என்னையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது கொலைகாரனாக நடிக்க வந்தவர் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து லாட்ஜில் படுத்துவிட்டார். அவருடைய கோட்டு அண்ணனுக்குச் சரியாக இருந்தது. அவ்வளவுதான் செலக்‌ஷன்.

டைரக்டர் சொல்லிக்கொடுத்த வசனம்: "டேய், கையைத் தூக்குடா." எதிரில் முதலாளி வேஷத்தில் நிஜமாகவே தலை நரைத்த பெரியவர் ஒருவர்.

அண்ணன் துப்பாக்கியை நீட்டினார். "ஏனுங்க, கொஞ்சம் கையத் தூக்குங்க" என்றார்.

இழுவை எல்லாம் இல்லை. பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வோமே, அப்படித்தான்.

யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அண்ணன் வாயில் 'டேய்' வரவே இல்லை. சரி, இதுவே இருக்கட்டும் என்றார் டைரக்டர்.

பிரேக்கில் அண்ணன் என்னிடம் வந்தார். "எதுக்குங்க தம்பி சிரிக்கறாங்க? வயசுல மூத்தவரைப் போயி டேய்னு எப்படிங்க சொல்றது?"

"அப்ப சுடறது மட்டும் பரவாயில்லையாண்ணா?"

"துப்பாக்கி பொய்யிங்க தம்பி. டேய்னு சொன்னா நெசமாவே சொன்னதுதானுங்களே."



அப்புறம் சென்னையில் டப்பிங். அண்ணனைக் கூப்பிடவே இல்லை. யாரோ மிமிக்ரி ஆளைப் பிடித்து, நம் ஊர்ப் பேச்சை ரப்பர் மாதிரி இழுத்து வைத்தார்கள். ஒரு மனுஷன் மரியாதைக்குச் சொன்னதைக் கோமாளித்தனமாக்கிவிட்டு, அதற்குப் பெயர் வட்டார வழக்காம்.

சேலத்தில் குடும்பத்தோடு படத்துக்குப் போனார் அண்ணன். நானும் கூடப் போனேன். அந்த சீன் வந்ததும் அண்ணி குனிந்து கேட்டார். "ஏனுங்க, உங்க வாயில யாருங்க பேசறது?"

தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் பாப்கார்ன் கவரை மடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஏரிக்குப் பக்கத்தில் இறங்குகிற டூரிஸ்ட்டுகள் விடவில்லை. அந்த வசனத்தைச் சொல்லச் சொல்வார்கள். அண்ணனும் தன் குரலில் சொல்வார்.

"படத்துல வர்ற மாதிரி சொல்லுங்கண்ணா."

"அது வேற ஆளுங்க."

"சும்மா நடிக்காதீங்கண்ணா." அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

இன்று நடந்ததற்கு வருகிறேன்.

நடு வீட்டில் அண்ணனைக் கிடத்தியிருக்கிறது. ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கும் ஸ்பீக்கருமாக உள்ளே வந்தார். அந்த க்ளிப்பைச் சத்தமாகப் போட்டுவிட்டு வீடியோ எடுக்க ஆரம்பித்தார். ஃபீலிங்காக இருக்குமாம்.

நான் அவர் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். அதற்குள் அண்ணி எழுந்து வந்துவிட்டார்.

"கண்ணு, அதை நிறுத்து சாமி."

"அம்மா, இது ஐயா பேசின டயலாக்தானே. ரொம்ப ஃபேமஸ்."

"அவரு பேசல கண்ணு அது. நேத்துல இருந்து அவரு குரலைக் காதுலயே வச்சுட்டு உக்காந்திருக்கறேன். போட்டோ இருக்குது, சட்டை இருக்குது... குரல் வேற எங்கயும் இல்ல. இதையே நீ நொம்ப நேரம் போட்டீன்னா எனக்கு அது மறந்துபோயிரும்."

நிறுத்தினார். ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை. நாங்கள் குழி மூடித் திரும்புவதற்குள் வீடியோ வந்துவிட்டது. அண்ணி அழுகிற முகம்... அதற்குப் பின்னணியில் அதே மிமிக்ரி குரல்.

இதைச் செய்தவனை எந்த வார்த்தையால் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'டேய்' எனக்குத் தாராளமாக வரும். அது போதாது.

ஷேர் செய்தவர்கள் என் லிஸ்ட்டிலும் இருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இங்கே கமென்ட்டில் அந்த க்ளிப்பைப் போட்டால் சொந்தக்காரனாக இருந்தாலும் பிளாக் செய்வேன்.

இன்னொன்று. வெள்ளையண்ணன் ஜீப்பில் ஏறி ஏற்காடு சுற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பழைய போனைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் மலையை, குழந்தையை, மழையை எடுத்திருப்பீர்கள். முன் சீட்டிலிருந்து அவர் வழி சொன்னதோ, கதவைச் சாத்தச் சொன்னதோ அதில் விழுந்திருக்கலாம். ஒரு வார்த்தை இருந்தாலும் போதும், எனக்கு அனுப்புங்கள். அண்ணியிடம் கொடுக்க வேண்டும்.

போயிட்டு வாங்கண்ணா. தேடிட்டு இருக்கறோம்...