டொராண்டோவில் தலைமடை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். அத்தனை பேருக்கும் சோறு போட்ட நான், கடைசி மகனோடு டொராண்டோ வந்த பிறகு, கீரை விதைக்க விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தேன். இங்கே ஒரு மைதானத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, கோடைக்கு மட்டும் ஆட்களுக்கு விடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு கட்டில் போடும் இடம். மண்ணுக்கு வரிசையில் நிற்பதை இங்கேதான் பார்த்தேன்.

எங்கள் நிலம் திருவாரூருக்குக் கிழக்கே, கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்து, மிச்சம் வந்தால்தான் எங்களுக்கு. நாற்று மஞ்சளாகி நிற்கும்போது மேல்வயல் வரப்பில் போய் நின்று, "கொஞ்சம் தொறந்து விடுங்கண்ணே" என்று கேட்டிருக்கிறேன். கேட்டு வாங்கிய தண்ணீர் காலில் படும்போது குளிர்ச்சியோடு கூச்சமும் இருக்கும்.

இங்கே என் பாத்தி மேட்டில். தண்ணீர்க் குழாயும் என் பக்கம். வாழ்நாளில் முதல் முறையாக நான் தலைமடைக்காரி. வரப்புக் கட்டி, சேப்பங்கிழங்கு ஊன்றி, தண்ணீர் தேக்கி நிறுத்தினேன். கீழ்ப்பாத்தி இத்தாலிக்காரர் தோனியுடையது. என் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றாத மனிதர், பூவாளியில் சுமந்து ஊற்றுவார். அவர் தக்காளி வெயிலில் துவண்டிருந்தது. வாய் திறந்து கேட்க விடக் கூடாது என்று நானே வரப்பை வெட்டி மடை திறந்துவிட்டேன். நான்கு நாள், விடாமல்.

தக்காளி வேர் அழுக ஆரம்பித்துவிட்டது. தோனி வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து, "இருக்கட்டுங்க, பக்கத்து வயலுக்கு விடாம எப்படி" என்றேன். பேத்தி கயல் என் முந்தானையை இழுத்தாள். "அப்பாயி, அவர் திட்டுறார்." மேற்பார்வை பார்க்கும் அம்மாளும் வந்து, இன்னொரு புகார் வந்தால் பாத்தி உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து வயலைக் கெடுத்தவள் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. மறுநாள் விடிந்ததும் போய் அவர் பாத்தி ஓரத்தில் வடிகால் வெட்டினேன். தண்ணீர் கட்டத் தெரிந்தவளுக்கு வடிக்கவும் தெரியும். பாதியில் தோனி வந்துவிட்டார். நான் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், தன் மண்வெட்டியோடு மறுமுனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். முடிந்ததும் என் மடைவாயில் ஒரு செங்கல்லை வைத்து அடைத்தார். அதுவும் நியாயம்தான். பன்னிரண்டில் எட்டுச் செடி பிழைத்தது.

ஆகஸ்டில் மழையே இல்லை. தோனிக்கு முழங்கால் வீங்கி, பூவாளி தூக்க முடியவில்லை. ஒருநாள் நான் போனபோது செங்கல் பக்கத்தில் நின்றிருந்தார். அதைக் காட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பிடித்து, கொஞ்சம் என்றார். அந்த முகத்துக் கூச்சம் எனக்குத் தெரியும். செங்கல்லை எடுத்தேன்.

அப்போது பார்த்து ஊரிலிருந்து பெரிய மகன் போன் செய்தான். ஆற்றில் தண்ணீர் விட்டு எத்தனையோ நாளாகிறது, நம்ம வாய்க்காலுக்கு வந்ததா என்று கேட்டேன். "இன்னும் வரலம்மா" என்றான். போனைக் காதில் வைத்துக்கொண்டே, காலடியில் தோனி பாத்திக்கு ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் என்று கேட்டிருந்தார். கொஞ்சம் கூடவே விட்டேன்.

கயல், நான் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டாயா? முதலிலிருந்து ஒரு தரம் வாசித்துக் காட்டு. உன் பெரியப்பா சொன்ன இடம் வரும்போது மட்டும் மெதுவாக வாசி.