ஹெலன் போகும் ஸ்டேஷன்

ஹெலனுக்குத் தூக்கம் பகலில்தான், கனவும் அப்போதுதான். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் தேர்வாய் கண்டிகையிலிருந்து கம்பெனி பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு வரும். அவள் கவரைப்பேட்டையில் இறங்கிப் போய்ப் படுப்பாள். சாயங்காலம் கண் விழித்ததும் பல்கூட விளக்காமல், போனை வாயருகே வைத்துக்கொண்டு, கண்ட கனவைப் பேசிப் பதிவு செய்வாள். மறுபடி பஸ் ஏறியதும் எனக்குப் போட்டுக் காட்டுவாள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டுகிற வேலை எங்களுக்கு. அங்கே வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் முறைப்பான், அதனால் பேச்செல்லாம் பஸ்ஸில்தான். நான் ரமீஸா, பழவேற்காட்டுக்காரி, கடைசி ஸ்டாப்பான பொன்னேரியில் இறங்குவேன். அவள் பக்கத்து சீட் எனக்குப் பட்டா போட்டது.

அவள் கனவில் எப்போதும் ஒரே இடம்தான், ஒரு ரயில்வே ஸ்டேஷன். பார்த்தால் கவரைப்பேட்டை மாதிரியே இருக்குமாம். ஆனால் தண்டவாளம் இருக்க வேண்டிய இடத்தில் ஏரித் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு நிற்கும். அதில் ரயில் சத்தமே இல்லாமல் வரும். ஒரு நாள் ஜன்னலோர சீட்டெல்லாம் வெள்ளாடுகள் உட்கார்ந்திருந்தன. இன்னொரு நாள் டிக்கெட் கவுண்டரில் எங்கள் கேன்டீன்காரர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். மேம்பாலத்துப் படிகள் ஈர மணலாக இருந்து, ஏற ஏறக் கரைந்ததும் உண்டு.

எங்கள் கனவுகளையும் கேட்டுப் பலன் சொல்வாள். யார் வந்தார்கள் என்று கேட்கமாட்டாள், எங்கே நடந்தது என்றுதான் கேட்பாள். "ஆளு மாறிக்கினே இருப்பாங்கக்கா. எடந்தான் நம்மளுது" என்பாள். எங்களோடு பஸ்ஸில் வரும் ஈஸ்வரிக்கு அவள் படித்த பள்ளிக்கூடமே திரும்பத் திரும்ப வந்தது. "நீ இன்னும் யாராண்டயோ பர்மிஷன் கேட்டுக்கினு நிக்கிற" என்றாள் ஹெலன். எனக்கு அடுப்படிக் கதவைத் திறந்தால் ஏரி, அதில் பூநாரைகள் கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு வருகைக் கார்டு தேய்க்க வரிசையில் நிற்கும். "உனக்கு லீவு வேணும்க்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு அழகான கனவுக்கு இதுதானா பலன்?

"பகல்ல கண்டது பலிக்காது ஹெலனு. விடியக்காலம் கண்டாத்தான் பலிக்கும்" என்று ஈஸ்வரி ஒரு நாள் மடக்கினாள்.

"ராவெல்லாம் முழிச்சுக்கினு வேல செய்றவளுக்கு சாயந்தரந்தாண்டி விடியக்காலம்!"

அதன் பிறகு எங்கள் பஸ்ஸில் அதுவே சட்டமாகிவிட்டது. நைட் ஷிப்ட் வாரத்தில், விழிப்பதற்கு முன்னால் கண்ட கனவு விடியற்காலைக் கனவுதான்.

இத்தனை பாடும் எதற்கென்று எனக்குத் தெரியும். எல்லாம் அவள் புருஷன் தானியேலுக்காக. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் நைட் ஷிப்டில் இருந்தபோது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. லைனுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்காத அழைப்புகள். வீட்டுக்குப் போனபோது ஆள் உயிரோடு இல்லை.

"எங்க அம்மா கனவுல வர்றாங்க, செத்துப்போன எங்க ஊட்டு நாய்கூட வருது. அவுரு மட்டும் ஒரு தபா வரல. போன் எடுக்கலன்னு கோவம்க்கா அவுருக்கு" என்பாள். அந்த ஸ்டேஷனில் பெஞ்சு பெஞ்சாக அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"மௌத்தானவங்களுக்கு இன்னாடி கோவம்? பேஜாரு பண்ணாத" என்று நானும் திட்டித்தான் பார்த்தேன். கேட்டால்தானே!

கடைசியில் அந்த மனிதர் என் கனவில் வந்தார். நான் அவரை நேரில் பார்த்ததே கிடையாது, ஹெலன் போனில் போட்டோ பார்த்ததோடு சரி. மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தேன். அதே ஸ்டேஷன், அதே தண்ணீர். புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயிட்டிங் ரூம் கதவு சாத்தியிருந்தது. வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானியேல் நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே! ஹெலனு உங்களத் தேடிக்கினு கீது!" என்று கத்தினேன். அவர் முகத்தைச் சுளித்தார். உதட்டில் விரலை வைத்து, கோழியை விரட்டுகிற மாதிரி என்னை விரட்டினார்.

யா அல்லாஹ்! இந்த மனிதருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா? நல்ல கனவென்றால் பிரியமானவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டும், கெட்ட கனவை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். விழித்ததும் அந்த வழக்கப்படியே இடப்பக்கம் லேசாகத் துப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் விரட்டுகிறவர் கோபமாகத்தானே இருக்க வேண்டும்? இதைப் போய் எப்படிச் சொல்வது?

ஆனால் மறுநாள் காலை பஸ்ஸில் ஹெலன், "எனக்குப் போதும்க்கா. இனிமே பதிவு பண்ணல. அவுருக்கு நான் வேணாம்" என்றாள். அழக்கூட இல்லை. தெரியாமல் தவிப்பதைவிடத் தெரிந்தே அழட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "கோவமாத்தாம்மா இருந்தாரு" என்றும் சொன்னேன்.

ஹெலன் என்னையே பார்த்தாள்.

"கதவு சாத்தியிருந்துச்சா?"

"ஆமா."

"வாசல்ல நின்னுக்கினு இருந்தாரா?"

"ஆமாண்டி."

முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது கோவம் இல்லக்கா! நைட்டு முடிச்சுட்டு வந்து நான் தூங்குனா, அவுரு வாசல்ல அப்படித்தான் நிப்பாரு. மீன்காரம்மா கூவுனா இப்படித்தான் வெரட்டுவாரு. ஒரு நாளு பாஸ்டரையே வெரட்டிட்டாரு. 'அவ தூங்குறா, சத்தம் போடாதீங்க'ன்னு... கதவுக்கு உள்ள தூங்கிக்கினு இருந்தது நாந்தாங்க்கா!"

அப்புறம்தான் அழுதாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அழுது ஓய்ந்து, என் தோளில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனாள்.

கவரைப்பேட்டை வந்தது. டிரைவர் மணவாளன் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி, "ஹெலனம்மா, எறங்கு!" என்றார்.

"இன்னொரு தபா ஹாரன் அடிச்ச, கைய ஒடிச்சுருவேன். பொன்னேரிக்கு விடுய்யா வண்டிய" என்றேன், குரலை உயர்த்தாமல்.

ஈஸ்வரி எழுந்து போய், பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். மணவாளன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, மெதுவாக கியர் போட்டார். பொன்னேரி வரைக்கும் பஸ்ஸில் ஒருத்தரும் பேசவில்லை.