சந்தனம் பூசிய போர்டிங் பாஸ்

என் சின்னம்மாவின் மகன் சுதன் பதினான்கு வருடங்களுக்கு முன் கனடாவுக்குப் போனவன். அகதியாகப் பதிந்தவன் என்பதால் ஊருக்கு வரப் பயம். கடந்த மாசியில் பத்து நாள் லீவில் சென்னைக்கு வருகிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றான். கோப்பாயிலிருந்து சின்னம்மாவை அழைத்துப் போனேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து மலிவு விமானத்தில் சென்னைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது உதவும்.

மலிவு விமானத்தில் டிக்கெட் மட்டும்தான் மலிவு. நாங்கள் போனதில் போர்டிங் பாஸை நாமே இணையத்தில் எடுத்து, தாளில் அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டும். கவுன்டரில் கேட்டால் தனிக் கட்டணம். இப்படிப்பட்ட கட்டணங்களுக்கு நான் இலேசில் அகப்படுவதில்லை. செக்-இன் திறந்ததுமே எடுத்து, நல்லூரில் ஒரு கடையில் பக்கம் இருபது ரூபாய்ப்படி ஆளுக்கு இரண்டு பிரதி அச்சிட்டேன். நான்கு தாள்களையும் சின்னம்மாவின் கைப்பையில் வைக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, விமானம் பிற்பகல் இரண்டு மணிக்கு. இராகுகாலம் கழியாமல் வெளிக்கிட மாட்டேன் என்று சின்னம்மா ஒற்றைக்காலில் நின்றார். பன்னிரண்டுக்குப் பிறகுதான் ஓட்டோ ஏறினோம். ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். கவுன்டர் மூட இருபது நிமிடம் இருந்தது.

கவுன்டரில் இருந்த பெண் தாள்களை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான்கிலும் கலியாண அழைப்பிதழுக்கு வைப்பதுபோலச் சந்தனமும் குங்குமமும். அதுவும் இயந்திரம் வாசிக்க வேண்டிய கறுப்புக் கட்டத்தின் நட்டநடுவில்! துடைத்தேன், மையும் சேர்ந்து இழுபட்டது.

"நாலுக்குமோ சின்னம்மா?"

"பின்னை? ஒண்டுக்கு வைச்சு மற்றதுக்கு வைக்காமல் விடுறதோ? சாமிப்படத்துக்கு முன்னாலை வைச்சுக் கும்பிட்டனான்."

போனில் இருந்த பாஸைக் காட்டினேன். தாளில்தான் வேண்டும், ஒருமுறை எடுத்ததைத் திரும்ப அடிப்பதென்றால் மேலதிகாரியின் அனுமதி எடுக்க வேண்டும், நேரமும் பிந்திவிட்டது என்றாள் அந்தப் பெண். அடுத்த விமானத்தில் இடம் கிடைக்குமோ தெரியாது, சுதனின் லீவோ ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"விடமாட்டியளோ பிள்ளை?" என்று கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். "என்ரை பிள்ளை கனடாவுக்குப் போகேக்கை ஏஜென்சிக்காரர் திடீரெண்டு கூப்பிட்டவங்கள். ஒரு விளக்குக்கூடக் கொளுத்தேல்லை, திருநீறும் பூசி விடேல்லை. பிறகு பதினாலு வருசம் முகத்தைப் பாக்கேல்லை. இந்தமுறை எண்டாலும் ஒழுங்காச் செய்வம் எண்டுதான்..."

அந்தப் பெண் என் போனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். புதுத் தாள்களோடு வந்தாள். அந்தத் தனிக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கட்டினேன்.

"அம்மா, இதுக்குப் பொட்டு வைக்காதேங்கோ. கும்பிட்டாக் காணும்," என்றாள்.

"ஓம் பிள்ளை, ஓம்," என்று தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் சின்னம்மா.

சென்னையில் சுதன் வெளியே காத்து நின்றான். தாயும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் பெட்டிகளை எண்ணுகிறவன்போலத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன்.

போகிறவர்களுக்கு: நீரில் கரையாத லேசர் அச்சாக எடுங்கள். ஒரு பிரதியை உங்கள் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். நாள், நேரம் பார்க்கிறவர்கள் கூட வந்தால் டிக்கெட் போட முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பும் பயணத்துக்கான செக்-இன் எட்டாம் நாள் திறந்தது. வழக்கம்போல உடனே போனைக் கையில் எடுத்தேன். சின்னம்மா சுதனுக்குப் புட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எடுக்காதை தம்பி," என்றார். "எடுத்தா இண்டைக்கே வெளிக்கிட்ட மாதிரிப் போயிடும்."

போனை வைத்துவிட்டேன். செக்-இன் மூட அரை மணி நேரம் இருக்கும்போதுதான் பாஸை எடுத்தோம். அதையும் சுதன்தான், தாயைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, தன் கையால் எடுத்துக் கொடுத்தான்.