பள்ளத்தூர் வெயிலில் நாலு ஸ்வெட்டர்

அறுபதுகளின் கடைசியில் நான் பள்ளத்தூரில் கணக்கு வாத்தியார். அப்பா தச்சு வேலை செய்தவர். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். எங்கள் ஊரில் அதுவரை ஸ்வெட்டர் போட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. மார்கழி விடியலில்கூடத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் என் மனைவி கம்பளி நூலில் பின்னிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கற்றதாம். ஒரே நூல் உருண்டையைப் பின்னுவதும் பிரிப்பதும் மறுபடி பின்னுவதுமாக இருப்பாள். யாருக்கு என்று கேட்டால், "யாருக்கும் இல்ல. பின்னுறது நல்லாயிருக்கு, அதான்" என்பாள்.

பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சிக்கு இது தெரியும். அவர்களுடைய மாப்பிள்ளைக்கு இங்கிலாந்தில் இன்ஜினியர் வேலை கிடைத்தது. மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேத்தி, கைக்குழந்தைப் பேரன் என நாலு பேரும் ஆவணியில் புறப்படுவதாக ஏற்பாடு. சித்திரையில் ஒரு நாள் ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே அடுப்படிக்குப் போனார்.

"ஏத்தா, அங்க பேசுனா வாயிலேர்ந்து புகை வருமாம்ல. கடையில வாங்கிப் போட்டுப் புள்ளைகள அனுப்ப எனக்கு மனசில்ல. ஒன் கையால நாலு பேருக்கும் பின்னிக் குடு."

"சரி ஆச்சி" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான். ஒரு முழு ஸ்வெட்டரை அவள் அதுவரை பின்னி முடித்ததே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நூல் வாங்க மதுரைக்குப் போனோம். நான், அவள், ஆச்சியின் மகள். மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் கம்பளி நூல் இருந்தது. சித்திரை வெயிலில் கம்பளி கேட்டு வந்தவர்களைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, பூச்சி உருண்டை வாசனையோடு நூல் சிட்டங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். அத்தனை நிறங்களை ஒரே இடத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மாப்பிள்ளை சாம்பல், பழுப்பு, கருநீலம் என்று சொல்லியனுப்பியிருந்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான் உடுத்துவார்களாம். என் மனைவி எதையும் தொடாமல் ஆச்சியின் மகளிடம் கேட்டாள். "அங்க வெயில் எப்படி?"

"வெயிலே இல்லையாம்க்கா. மாசக்கணக்கா மேகம்தானாம். பகல்லயே வெளக்குப் போடுவாகளாம்."

அவள் ஏழெட்டுச் சிட்டங்களை அள்ளிக்கொண்டாள். சேலை வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கடையின் உள்பக்கம், மாடிப்படிக்கு அடியில் மூட்டைகள் கிடந்த இருட்டுக்குள் போனாள்.

"அங்குட்டு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் கடைக்காரர்.

"தெரியுதான்னு பாக்கத்தான் போறேன்."

நானும் பின்னால் குனிந்து போனேன். முதலில் எல்லாமே கறுப்பாகத்தான் இருந்தது. அவள் சிட்டங்களை ஒரு மூட்டைமேல் வரிசையாக வைத்துவிட்டுக் காத்து நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ உள்ளிருந்து திரியைத் தூண்டுவதுபோல, ஒரு மஞ்சள் மேலே வந்தது. நல்ல பழுத்த மாம்பழத்தின் மஞ்சள். அடுத்து ஒரு சிவப்பு. அதற்கப்புறம் பாலாடை போன்ற வெள்ளை. சாம்பலும் கருநீலமும் வரவே இல்லை. நிறம் என்பது நூலில் சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது இருட்டுக்குள்ளிருந்து தானாக நடந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

மஞ்சள் பேத்திக்கு, பாலாடை கைக்குழந்தைக்கு, சிவப்பு ஆச்சியின் மகளுக்கு. மாப்பிள்ளைக்கு மட்டும் தயங்கினாள். கடைசியில் சுட்ட ஓட்டின் நிறத்தில் ஒன்றை எடுத்தாள்.

"பழுப்புன்னுல்ல சொன்னாக" என்றாள் ஆச்சியின் மகள்.

"இதும் பழுப்புதாம்மா. கொஞ்சம் உசிரோட இருக்கு, அவ்வளவுதான்."

ஊர் திரும்பியதும் அவள் செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. நாலு ஸ்வெட்டரையும் ஒரே நாளில் ஆரம்பித்தாள். ஊசி போதவில்லை. என் அப்பா மூங்கிலைச் சீவி, இழைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து ஊசிகள் செய்துகொடுத்தார். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாமே என்று கேட்டேன்.

"நாள் பத்தாமப் போச்சுன்னா? ரெண்டு பேரு போட்டுக்கிட்டு ரெண்டு பேரு நடுங்கிட்டு நிக்கணுமா? கொறைஞ்சா நாலும் சேந்து கொறையட்டும்."

அந்தக் கோடை முழுவதும் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? எழுந்து குளித்ததும், கை வேர்ப்பதற்கு முன்னால், பாலாடை நிறம். அது ஒரு பித்தளைத் தூக்குவாளிக்குள் வெள்ளைத் துணி சுற்றி இருக்கும். சமையல் நடக்கும்போது மஞ்சள், அடுப்படி மாடத்தில். கையில் மஞ்சள்பொடி இருந்தாலும் தெரியாது என்பாள். உச்சிவெயிலில் முற்றத்து வெளிச்சம் கண்ணைக் கூசும்போது ஓட்டு நிறம். அது அடர்ந்த நிறம், வெளிச்சம் குறைந்தால் பின்னலின் கண்ணி தெரியாது. பொழுது சாய்ந்தபின் சிவப்பு. கழுத்தில் ஈரத்துண்டு, மடியில் கம்பளி, நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நிற்கும். அது நூலில் விழும் முன் தோளில் துடைத்துக்கொள்வாள். எதையும் எழுதி வைக்கவில்லை. ஒன்றைக் கீழே வைத்து மற்றொன்றை எடுத்த கணமே விரல்கள் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

"எது எங்க நின்னுச்சுன்னு எப்படி ஞாபகம் வச்சிருக்க?" என்றேன்.

"நாலு பாத்திரம் அடுப்புல கெடந்தா எதுல உப்புப் போட்டோம்னு மறந்துருமா?" என்றாள்.

எனக்கு மறந்துவிடும். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆனி மாதம் பாதி வேலை முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை, ஊசியை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, குளிர்னா எப்படிங்க இருக்கும்?"

யோசித்தேன். மார்கழியைச் சொன்னேன். சிரித்தாள். மழையில் நனைந்து நின்றதைச் சொன்னேன். "அது ஈரம்ல" என்றாள். இருவருமே மதுரைக்கு மேற்கே, மலைப்பக்கம் போனதில்லை.

"தெரியாத ஒண்ணுக்கு எதிரா எப்படிங்க பின்னுறது?"

காரைக்குடியில் ஐஸ் பேக்டரி ஒன்று இருந்தது. அதன் மேனேஜர் என் மாணவன் ஒருவனுடைய தகப்பனார். மறுநாள் பஸ் ஏறிப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், பொம்பளையாளுக யாரும் அந்த ரூமுக்குள்ள போனதில்ல. தாங்க மாட்டாக."

"தாங்க முடியாமப் போறது எங்கேர்ந்துன்னு தெரியணும், அண்ணே" என்றாள் அவள் பின்னாலிருந்து. பையைத் திறந்து, மாப்பிள்ளைக்குப் பின்னி முடித்திருந்த ஒரு ஸ்வெட்டர் கையை மட்டும் எடுத்துத் தன் வலது கையில் மாட்டிக்கொண்டாள். இடது கை வெறும் வளையல்களோடு இருந்தது.

தடித்த மரக்கதவு திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து எங்கள் கால்களைச் சுற்றியது. உள்ளே ஒற்றை பல்பு. ஆளுயரத்துக்கு ஐஸ் பாளங்கள் அடுக்கியிருந்தன. பாளங்களின் வயிற்றுக்குள் ஒரு நீலம் இருந்தது. வெளியே ஆனி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, ஒரு கதவுக்கு இந்தப்புறம் இப்படியொரு உலகம் இருந்திருக்கிறது. மூச்சு விட்டேன், ஆச்சி சொன்ன புகை என் வாயிலிருந்தே வந்தது. சிறுபிள்ளைபோல மறுபடி மறுபடி ஊதிப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் காது எரிந்தது, பல் அடித்துக்கொண்டது, வெளியே ஓடிவந்துவிட்டேன். அவள் வரவில்லை. கூப்பிட்டேன். "இருங்க" என்று குரல் மட்டும் வந்தது.

அவள் வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. வெயிலில் கிடந்த உமி மூட்டைமேல் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர்.

"என்னாச்சு?"

"அந்தக் கைப்புள்ளையையா இதுக்குள்ள கொண்டு போறாக?" என்றாள். பிறகு ஸ்வெட்டர் கையைக் கழற்றி, மணிக்கட்டுப் பக்கத்தை விரித்துப் பார்த்தாள். "இங்கதாங்க நுழையுது. சட்டுனு நுழைஞ்சு முழங்கை வரைக்கும் ஓடுது. கழுத்து வழியா எறங்குது. நான் நல்லாக் காத்தாடப் பின்னி வச்சிருக்கேன். நம்ம ஊருக்குல்ல பின்னியிருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் நாலையும் பிரித்தாள். நான் தடுத்துப் பார்த்தேன். "நீங்கதான பாத்தீக" என்றாள். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு இருந்ததால் நனைத்து, சுருக்கம் போக முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டாள். மஞ்சள், பாலாடை, சிவப்பு, ஓட்டு நிறம். நாலிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஆச்சி உள்ளே வந்தார்.

"அடி ஆத்தா! இது என்ன கூத்து?"

என் மனைவி ஐஸ் ரூமைப் பற்றிச் சொன்னாள். வெறுங்கைக்கும் போட்ட கைக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னாள். ஆச்சி கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் கொடியருகே போய் அந்த மஞ்சள் நூலைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"இனிமே இந்த வீட்டு அடுப்பு எரிய வேணாம். சாப்பாடு எங்க வீட்டுலேர்ந்து வரும். நீ பின்னு."

ஆவணி வரை அப்படியே நடந்தது. அவள் இந்தமுறை மணிக்கட்டிலும் கழுத்திலும் கண்ணிகளை நெருக்கி, இழுத்தால் விரிந்து விட்டால் கவ்விக்கொள்ளும்படி பின்னினாள். குழந்தையின் ஸ்வெட்டரில் கைநுனியை மூடிவிட்டாள், பைபோல. இந்தமுறையும் நாலும் சேர்ந்தே வளர்ந்தன. புறப்படும் நாள் வந்தபோது மாப்பிள்ளையின் ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் பாக்கி.

அவர்கள் காரைக்குடியிலிருந்து மத்தியானப் பாசஞ்சரில் திருச்சி போய், அங்கிருந்து மெட்ராஸ் போக வேண்டும். ஸ்டேஷனில் என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தாள். ரயில் வந்தது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஓடிப்போய் எங்கள் இருவருக்கும் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தேன்.

புதுக்கோட்டை தாண்டியபோது முழங்கை வரை வந்திருந்தது. "அளவு பாக்கணுமே" என்று முணுமுணுத்தாள். எதிரே இருந்த மாப்பிள்ளை, அதுவரை அவளிடம் இரண்டு வார்த்தைக்குமேல் பேசாதவர், எழுந்து நின்று, "குடுங்க, போட்டுக்கிறேன்" என்றார். ஊசியும் நூலும் தொங்க அந்த ஸ்வெட்டரைச் சட்டைக்குமேல் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. அவருடைய கையிலேயே வைத்து அவள் மணிக்கட்டு வரை பின்னிக்கொண்டு போனாள். திருச்சி மலைக்கோட்டை தெரிந்தபோது கடைசிக் கண்ணியை முடிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

அவர் அதைக் கழற்றாமலேயே பிளாட்பாரத்தில் இறங்கினார். "ஒரு பக்கமும் காத்துப் போகல" என்றார்.

"அப்பச் சரி" என்றாள் அவள்.

எழுபதுகளின் நடுவில் ஆச்சியின் மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான் மிச்சக் கதை தெரிந்தது. முதல் பனி விழுந்த அன்று நாலு பேரும் ஸ்வெட்டர்களைப் போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றார்களாம். அங்கே மூடுபனியில் எதிரே வரும் ஆள் தெரியாதாம்.

"பள்ளிக்கூடம் விட்டா எல்லாப் புள்ளைகளும் ஒண்ணுபோலக் கறுப்பாத்தான்க்கா தெரியும். எம்மக மட்டும் மஞ்சளாத் தெரிவா, தூரத்துலேர்ந்தே" என்றாள்.

என் மனைவி, "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மதுரைக் கடையின் மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த இருட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. அவளுக்கு வந்ததா என்று தெரியவில்லை. அவள் கண் அதற்குள் வேறொன்றில் இருந்தது. ஆச்சியின் மகள் அவளுக்கு ஒரு பை நிறைய அந்த ஊர்க் கம்பளி நூல் கொண்டு வந்திருந்தாள்.

அவர்கள் போனபின் அவள் அதைப் பாயில் கொட்டினாள். அவற்றில் எதற்குமே எனக்குப் பெயர் தெரியவில்லை. பச்சை என்றால் பச்சையில்லை, ஊதா என்றால் ஊதாவில்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வைத்தாள். "இது அவிச்ச பனங்கிழங்கு. இது ஊறுன வெந்தயம். இது மழை இருட்டுனப்பக் கம்மாத் தண்ணி." சொன்ன பிறகு பார்த்தால் அது அப்படியேதான் இருந்தது.

ஒன்றை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். நீலமும் சாம்பலும் கலந்து, பார்க்கப் பார்க்க மாறிக்கொண்டிருந்த ஒரு நிறம்.

"இதுக்கு?" என்றேன்.

"இது மாதிரி இங்க எதுவும் இல்லீங்க" என்றாள். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றில் மூன்று உருண்டைகளை எடுத்து, ஊசிகளைக் கொண்டுவரச் சொன்னாள்.