உபதேசியார் கொண்டுவந்த குப்பி

ஐந்தாம் வகுப்பு தேறிய எனக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் கிடைத்த உத்தியோகம், மூத்திரக் குப்பி கழுவுவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஆண்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. குப்பிகள் பேசாது என்பதால் ஒத்துப்போனோம்.

இரணியல் பக்கத்துச் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் ஒருவரை, மூத்திரத்தில் ரத்தம் போகிறதென்று மனைவி கூட்டிவந்தாள். அவரோ, அது வெறும் சூடு, நாலு இளநீரில் நின்றுவிட்டது என்று டாக்டருக்கே வைத்தியம் சொன்னார்.

"ஒரு நோவும் இல்ல டாக்டரே. நோவில்லாத இடத்துல என்ன வியாதி இருக்கும்?"

டாக்டர் வார்டில் சேர்த்து, மூன்று நாள் காலையில் குப்பி கேட்டார். மூன்றும் தெளிந்த நீராக வந்தன. அறுபது வயதுச் சுருட்டுக்காரருக்கு இருபது வயதுக்காரனின் மூத்திரம்! நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவர் மனைவி வேட்டி அலசினாள். அதில் ரத்தக் கறை. நான் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"குப்பியில உள்ளது துணைக்கு வந்த மருமவனுக்க மூத்திரம் பிள்ளே. ரத்தம் போவுதுண்ணு தெரிஞ்சா, கெட்ட வியாதிண்ணு சபையில பேசுவாங்களாம்."

மானம் அவருடையது. உயிர் மட்டும் யாருடையதோ.

மறுநாள் டாக்டர் முன்னால் நின்று, சுவர்க் காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்: "உபதேசியார் தந்த குப்பி அவருக்கதில்ல."

டாக்டர் தம் கண்முன்னேயே குப்பியை நிறைக்கச் சொன்னார். சிவப்பு. பிறகு நுனியில் சிறு பல்பு வைத்த குழாயை மூத்திரப் பைக்குள் விட்டுப் பார்த்தார். கடல்பாசி போல ஒரு சதை வளர்ச்சி. புற்று. சிறியதாக இருந்ததால் கரண்டு வைத்துக் கரித்தார்.

"இன்னும் ஆறு மாசம் இளநீர் குடிச்சிருந்தா, உமக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்" என்றார்.

சுருட்டைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. டாக்டரே ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டுதான் யோசித்தார். இன்றைக்கோ, முதல் குற்றவாளியே புகையிலைதான் என்கிறார்கள்.

நோவில்லாமல் ஒரேயொரு தடவை மூத்திரத்தில் ரத்தம் போய், தானாக நின்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கல்லாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். அதைச் சொல்லவேண்டியது இளநீர் அல்ல.

உபதேசியார் சபையில் சாட்சி சொன்னபோது கர்த்தருக்கும் டாக்டருக்கும் நன்றி சொன்னார். வேட்டி அலசியவளை மறந்துவிட்டார். புற்று மறுபடி முளைத்திருக்கிறதா என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குப்பியோடு வருவார். நான் அவர் முகத்தைப் பார்த்தே கேட்பேன்:

"இது ஆருக்கது?"

"எனக்கதுதான் மக்கா" என்பார், தலை குனிந்துகொண்டு.